வேளாவுக்கு ஈடாகப் பெயர் சொன்னவர்

என் மூத்த பேத்தி ஜெனிபர் நர்சிங் முடித்து ராயபுரத்தில் வேலையில் இருக்கிறாள். அவள் தம்பி காட்டுப்பள்ளியில் கப்பலுக்கு வெல்டிங் செய்கிறான். மகள் வயிற்றுப் பேரன் கேரம் ஆட்டத்தில் கோப்பை வாங்கி வந்தான். கடைக்குட்டி செசிலி இந்த வருடம்தான் பள்ளிக்கூடம் போகிறாள், அதற்குள் இரண்டு ஆங்கிலப் பாட்டு பாடுவாள். மீன் வாங்க வந்த பெண்களிடம் இதையெல்லாம் நான் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் ஜெனிபர் போன் செய்தாள். "ஆயா, கிருபா மேடம் பூட்டாங்க ஆயா" என்றாள். கையில் இருந்த மீனைக் கூடையிலேயே வைத்துவிட்டேன். அன்று நான் யாவாரம் பார்க்கவில்லை.

காலமான கிருபாவதி அவர்களைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அழிந்துவரும் மீன்களைப் பற்றி ஆராய்ச்சி செய்தவர்கள். எங்கள் காத்திவாக்கம் குப்பத்தில் அவர்களை 'வேளா மேடம்' என்போம். வேளா என்பது சுறா மாதிரி உடம்பும், இரண்டு பக்கமும் பல் வைத்த ரம்பம் போல் நீண்ட கொம்பும் உள்ள பெரிய மீன். ஒரு காலத்தில் முகத்துவாரத்துக்குள் வந்து குட்டி போடும். வலையில் வேளா பட்டால் கொம்பை அறுத்து மாதா கோயிலுக்கு நேர்ச்சையாகக் கொடுத்துவிட வேண்டும், கொடுக்காத வீட்டில் ஓர் உயிர் போகும் என்பது எங்கள் வழக்கம். அப்படிக் கொடுத்த கொம்புகள் கோயிலின் பின்சுவரில் பெரிதும் சிறிதுமாக வரிசையாகத் தொங்குகின்றன. கடல்காற்று அடித்தால் சுவரில் உரசி, யாரோ பல்லைக் கடிப்பது போல் சத்தம் வரும்.

மேடம் முதலில் வந்தது அந்தக் கொம்புகளைத் தேடித்தான். பங்கு சாமியாரிடம் அனுமதி வாங்கி, ஏணி போட்டு ஏறி, ஒவ்வொன்றிலும் கடுகளவு தூள் சுரண்டிச் சின்னக் குப்பியில் போட்டுக்கொண்டார்கள்.

"மாதா சொத்த சுரண்டிகினு போறாங்களே, இன்னாத்துக்கு?" என்று என் மருமகள் ஸ்டெல்லா முணுமுணுத்தாள். அது மேடம் காதில் விழுந்துவிட்டது.

"மாதாகிட்ட நானே சொல்லிட்டுத்தாம்மா எடுத்தேன். ஒண்ணும் திட்டல" என்று சிரித்தார்கள்.

சில மாதம் கழித்து வந்து என்னை அந்தச் சுவருக்கு முன்னால் அழைத்துப் போனார்கள். பட்டப்பகல், கோயிலில் வேறு யாரும் இல்லை. ஆனாலும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். "ஆரோக்கியம்மா, இதெல்லாம் தனித்தனி மீன் இல்ல. சோதிச்சுப் பாத்துட்டோம். தாய்வழி ஒண்ணுதான். இந்தப் பெரிசு, அப்புறம் இது, அதுக்கும் பின்னாடி இந்தச் சின்னது. ஒரே குடும்பம், ஒரே சுவத்துல." பிறகு சுவரின் காலியான ஓரத்தைக் காட்டி, "இதுக்கு அப்புறம் யாரும் இல்ல" என்றார்கள்.

அன்று முதல் அந்தச் சுவரின் கீழே நின்று ஜெபம் சொன்னால், மேலேயிருந்து யாரோ எங்கள் தலைகளை எண்ணுவது போல் எனக்குத் தோன்றும்.

ஸ்டெல்லா நிறைமாதமாக இருந்தபோது என் மகன் அருள் வலையில் ஒரு வேளாக்குட்டி பட்டது. உயிரோடு வேளாவைப் பார்த்த ஞாபகம் எங்களில் பலருக்கு இல்லை. கரையோரத் தண்ணீரில் வலையோடு பிடித்து நிறுத்தியிருந்தார்கள். "யார் வலையில பட்டாலும் சொல்லுங்க" என்று மேடம் கெஞ்சிவிட்டுப் போயிருந்ததால் நான் போன் செய்யச் சொன்னேன். திருவொற்றியூரிலிருந்து ஆட்டோவில் வந்த மேடம் செருப்போடு தண்ணீரில் இறங்கினார்கள்.

குட்டியை லேசாகப் புரட்டிப் பார்த்தார்கள். அடிப்பக்கம் வெள்ளை. அதில் கண் போல் இரண்டு துளை, கீழே வாய். கைக்குழந்தை சிரிக்கிற முகம். கரையில் நின்ற ஸ்டெல்லா வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். கொம்பின் அடியில் சவ்வு மாதிரி ஒன்று ஒட்டியிருந்தது.

"தாய் வயித்தக் கிழிக்காம இருக்க, இந்த உறையோடதான் பொறக்கும். சீக்கிரமே கரைஞ்சிடும்" என்றார்கள் மேடம். "இது இப்பதான் பொறந்திருக்கு. அப்ப தாய் இங்கதான் எங்கேயோ இருக்கா."

எல்லோரும் காலடியில் இருந்த கலங்கல் தண்ணீரைப் பார்த்தோம். இரண்டு பேர் கரையேறிவிட்டார்கள்.

குப்பத்துக்கு மூத்தவரான சூசை கத்தியோடு வந்தார். "இன்னா மேடம், நீங்க வுடுன்னு சொல்ட்டு ஆட்டோ ஏறிப் பூடுவீங்க. வூட்ல புள்ளத்தாச்சி கீறா, பாத்தீங்கல்ல?"

வேளாவைக் கொல்லக் கூடாது என்கிற சட்டத்தைச் சொல்லி மேடம் மிரட்டவில்லை. "அந்த நேர்ச்சை என் தலைமேல இருக்கட்டும் பெரியவரே. அருள் வீட்டுக்கு வேண்டாம்."

"மாதாகிட்ட மேடமுக்குத் தனி லைன் கீது போல" என்றான் ஒருவன். சூசை அவனைக் கையமர்த்தினார்.

"சும்மா மாத்திக்க முடியாது மேடம். கொம்ப வெறுங்கையால புடிச்சி, உங்க பேரும் பெத்தவங்க பேரும் சொல்லணும். சொல்வீங்களா?"

மேடம் பிடித்தார்கள். "கிருபாவதி. தாயம்மா மகள்."

குட்டி துள்ளியது. அவர்கள் உள்ளங்கையிலிருந்து ரத்தம் தண்ணீரில் இறங்கியது. அருள் வலையை அறுத்துவிட்டான். குட்டி உடனே ஓடவில்லை. மேடத்தின் காலைச் சுற்றி ஒரு வட்டம் வந்தது, அப்புறம்தான் ஆழத்துக்குப் போனது. மறுநாள் செசிலி சுகமாகப் பிறந்தாள்.

போன வருடம் மேடத்துக்கு நோய் என்று கேள்விப்பட்டு ஜெனிபரோடு பார்க்கப் போனேன். வாய் சும்மா இருக்கவில்லை. "அந்த நேர்ச்சையா இருக்குமோ மேடம்?" என்று கேட்டேன்.

"எங்கம்மாவுக்கும் இதே நோய்தான் ஆரோக்கியம்மா. குட்டி மேல பழி போடாதீங்க." பிறகு, "அப்படியே இருந்தாலும், ஒரு வேளாவுக்கு நான் சரியாப் போனா லாபம்தானே" என்றார்கள்.

இப்போது குப்பத்தில் வேறு பேச்சு நடக்கிறது. "பாத்தியா, வேளா வுடல. இனிமே ஒண்ணு பட்டா அறுத்துடணும்" என்கிறார்கள். மேடத்தை அடக்கம் செய்த அன்று முகத்துவாரத்தில் போட்டிருந்த வலை கிழிந்து வந்தது. மீன் ஒன்றும் இல்லை. கிழிசல்கள் வரிசையாக, பெரிய சீப்பை வைத்து இழுத்த மாதிரி இருந்தன. பார்த்தவர்கள் சிலுவை போட்டுக்கொண்டார்கள். நானும் போட்டுக்கொண்டேன்.

எங்கள் ஜனங்களுக்கு ஒன்று சொல்கிறேன். மேடம் சொன்னது போல் நோயாக இருக்கலாம், நீங்கள் சொல்வது போலவும் இருக்கலாம். எனக்குத் தெரியாது. நீங்கள் சொல்வதுதான் நிஜம் என்றால், பெயர் சொல்லி வாங்கிய நேர்ச்சையை அவர்கள் உயிராகவே செலுத்திவிட்டார்கள். வேளாவுக்காக நாம் கொடுக்க வேண்டியது இனி ஒன்றும் இல்லை. தாய் வந்தாலும் சரி, குட்டி வந்தாலும் சரி, கத்தி எடுக்க யாருக்கும் பாத்தியதை கிடையாது.

நிம்மதியாகப் போய் வாருங்கள் மேடம். தண்ணீரில் நின்று நீங்கள் சொன்ன பெயரைக் கேட்டவர்கள் நாங்கள் இருக்கிறோம்.

குப்பத்து வாட்ஸ்அப் குழுவில் மேடத்தின் படத்துக்கு மாலை போட்டு வைத்திருக்கிறீர்கள். அதற்குக் கீழே புதுசாக ஒரு போட்டோ வர வேண்டும். தண்ணீருக்குள், கொம்போடு, கண் திறந்து, போய்க்கொண்டிருக்கிற வேளா. யார் முதலில் பார்க்கிறீர்களோ, வலையை அறுத்து விட்டுவிட்டு, எடுத்துப் போடுங்கள்.