நன்றி சொன்ன மறுநாள்

அந்தச் சலவைக்கூடத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எக்ஸ்பிரஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். வேலை முடிகிற மணி அடித்து ஓய்வதற்குள் அவள் வாசலைத் தாண்டியிருப்பாள். மற்றப் பெண்கள் முகம் கழுவி, தலை வாரி, நாலு பேரைப் பற்றி நாலு வார்த்தை பேசிவிட்டு ஆற அமரக் கிளம்புவார்கள். இவளோ ஈரக் கையை உதறிக்கொண்டே ஓடுவாள். "வீட்ல என்ன, பாலை அடுப்புல வெச்சிட்டு வந்துட்டியா?" என்று பின்னாலிருந்து கேலிக்குரல் வரும். திரும்பிப் பார்த்தால் பஸ் போய்விடும்.

பெரிய ஓட்டல் ஒன்றின் தரைக்கு அடியில் இருந்தது அந்தக் கூடம். மேலே அறை எடுத்துத் தங்குகிறவர்கள் ஒரு ராத்திரி புரண்டு எழுந்த விரிப்புகளெல்லாம் கீழே இங்கே வந்து மலையாய்க் குவியும். துவைத்துப் பிழிந்த விரிப்பை எடுத்து, ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து உதறி, சுருக்கமில்லாமல் இழுத்து, கொதிக்கிற இஸ்திரி உருளைக்குள் விட வேண்டும். கொஞ்சம் கோணினாலும் துணி மறுபடி துவைக்கப் போகும். மேற்பார்வையாளரிடம் இவர்கள் துவைபடுவார்கள். ஆவியும் சூடும் சத்தமுமாக ஒரு நாள் முழுக்க நின்றுவிட்டு வெளியே வந்தால், வெயில்கூட ஜில்லென்று இருக்கும்.

வீட்டில் அவளுக்காகக் காத்திருந்தது ஒரு கட்டில். அதில் அவள் புருஷன் படுத்திருந்தான். கட்டடங்களுக்குப் பெயிண்ட் அடிக்கிறவன். மூன்று வருஷத்துக்கு முன்னால் சாரம் சரிந்து விழுந்ததில் இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. அப்படிப்பட்டவர்களை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும் என்பது டாக்டர் உத்தரவு. தவறினால் தோல் சிவக்கும், கறுக்கும், புண்ணாகிப் புரையோடும். ஒரு தடவை தவறியது. அந்தப் புண் ஆறுவதற்கு ஒரு மழைக்காலமே போயிற்று.

இரவில் திருப்பிப் போடுவது எக்ஸ்பிரஸின் பொறுப்பு. பகல் முழுக்க நாத்தனாருடையது. புருஷனோடு கூடப் பிறந்த அக்கா. தாலி கட்டியவனை இளம் வயதிலேயே பறிகொடுத்தவள், பிள்ளை குட்டி கிடையாது. தம்பி விழுந்த செய்தி கேட்டு, "ஒரு வாரம் கூட இருந்துட்டுப் போறேன்" என்று வந்தவள்தான். அந்த ஒரு வாரம் இன்னும் முடியவில்லை.

நல்லவள்தானே, இதில் என்ன குறை என்று நீங்கள் கேட்கலாம். உங்கள் வீட்டுச் சமையலறையில் இன்னொருத்தி மூன்று வருஷம் இருந்திருந்தால் கேட்க மாட்டீர்கள். கரண்டி இருந்த இடத்தில் இருக்காது. டப்பாக்கள் வரிசை மாறியிருக்கும். "இவளே, குழாயை இறுக்கி மூடுன்னு எத்தனை வாட்டி சொல்றது?" என்று இவள் வந்து கால் கழுவுவதற்குள் ஆரம்பித்துவிடுவாள். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். எக்ஸ்பிரஸால் பொறுக்க முடியாதது வேறு. மாலையில் படி ஏறி வரும்போது உள்ளே அக்காவும் தம்பியும் சிரிக்கிற சத்தம் கேட்கும். இவள் கதவைத் திறந்ததும் சிரிப்பு நின்றுவிடும். "மாத்திரை போட்டீங்களா?" என்பாள். "ம்" என்பான். அவ்வளவுதான் அவர்கள் குடித்தனம். சம்பாதித்துக் கொட்டுகிறவளுக்கு அந்த வீட்டில் கிடைத்தது ஒரு "ம்".

மனசு என்று ஒன்று இருக்கிறதே, அது பொல்லாதது. கெடுதல் செய்தவனை மறந்துவிடும். தூக்கி நிறுத்தியவர்களைத்தான் மன்னிக்காது. நாத்தனார் இல்லாவிட்டால் தன் வேலை போய்விடும் என்பது எக்ஸ்பிரஸுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்ததாலேயே அவள்மேல் கோபம் கோபமாக வரும்.

இப்படி இருக்கையில், ஒரு நாள் சலவைக்கூடத்தில் ஒருத்தி மயங்கி விழுந்தாள். காற்றை வெளியே தள்ளுகிற பெரிய விசிறி கெட்டுப்போய் எத்தனையோ மாதமாகியிருந்தது. எல்லாரும் போய் நிர்வாகத்திடம் முறையிட்டார்கள். விசிறியைப் பழுது பார்க்கச் சொன்னால், மனசைப் பழுது பார்க்க ஆள் அனுப்பினார்கள். மன அழுத்தத்தைக் குறைப்பதற்குப் பயிற்சியாம். ஒரு சின்னப் பெண் வந்தாள். இஸ்திரி கலையாத சட்டை, கழுத்தில் அட்டை, முகம் முழுக்கப் புன்னகை. எல்லாரையும் நாற்காலியில் உட்கார வைத்துக் கண்ணை மூடச் சொன்னாள். இரண்டு பேர் நிஜமாகவே தூங்கிவிட்டார்கள்.

"இப்ப நீங்க நிம்மதியா இங்க உக்காந்திருக்கீங்க. நீங்க இங்க வர்றதுக்காக வீட்டைப் பாத்துக்கறது யாரு? அவங்க முகத்தை நெனச்சுப் பாருங்க" என்றாள் பயிற்சிக்காரி.

எக்ஸ்பிரஸ் சும்மாதான் கண்ணை மூடினாள். நாத்தனார் வந்து நின்றாள். கட்டில்மேல் குனிந்த முதுகுதான் தெரிந்தது, முகம் தெரியவில்லை. எவ்வளவு முயன்றும் முகம் வரவில்லை. மூன்று வருஷமாக ஒரே வீட்டில் இருக்கிறவளின் முகத்தைத் தான் ஒழுங்காகப் பார்த்ததே இல்லையோ என்று அப்போதுதான் அவளுக்குத் தோன்றியது.

"இன்னிக்கு வீட்டுக்குப் போனதும் அவங்க கண்ணைப் பார்த்து நன்றி சொல்லுங்க. அதான் வீட்டுப்பாடம்" என்று முடித்தாள் பயிற்சிக்காரி.

"என் மாமியார் கண்ணைப் பாத்தா நான் எரிஞ்சு சாம்பலாயிடுவேன். அப்புறம் இந்தப் போர்வையெல்லாம் யாரு மடிப்பா?" என்றாள் பக்கத்தில் இருந்தவள். எல்லாரும் சிரித்தார்கள். எக்ஸ்பிரஸ் சிரிக்கவில்லை.

பஸ்ஸில் வரும்போதே மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். வீட்டுக்குள் நுழைந்து, செருப்பைக் கழற்றி, நாத்தனார் எதிரில் போய்ப் பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி நின்றாள்.

"அண்ணி, இவ்வளவு நாளா நீங்க எங்களுக்குச் செஞ்சதுக்கெல்லாம் ரொம்ப நன்றி."

நாத்தனார் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். கையிலிருந்த துணியை மெதுவாகக் கீழே வைத்தாள். "சரி" என்றாள். குழாயைப் பற்றிக்கூட எதுவும் சொல்லவில்லை. நெடுநாள் பாரம் ஒன்றை இறக்கி வைத்தாற்போல எக்ஸ்பிரஸுக்கு உடம்பே லேசாகிவிட்டது. சொல்வது இவ்வளவு சுலபமா என்று நினைத்துக்கொண்டே படுத்தாள்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது காலையில்தான் தெரிந்தது. நாத்தனார் வெளியே போகிற உடையில், கையில் ஒரு பையோடு வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

"மருந்தெல்லாம் மேல் தட்டுல வெச்சிருக்கேன். வலது குதிகால் லேசா சிவந்திருக்கு, பாத்துக்கோ. நான் கிளம்பறேன்."

"எங்க அண்ணி?"

"எங்கயோ. நீதான் சொல்லிட்டியே."

"நான் என்ன சொன்னேன்?"

"மரியாதையாத்தான் சொன்ன, குத்தம் சொல்லல. என் கொழுந்தன் வீட்லயும் இப்படித்தான். அவங்க பசங்க மூணு பேரையும் இந்தக் கையால வளர்த்தேன். கடைசிப் பையன் பெரியவனானதும், புருஷனும் பொண்டாட்டியும் ஜோடியா வந்து நின்னாங்க. 'இவ்வளவு நாள் செஞ்சதுக்கு ரொம்ப நன்றி அண்ணி'ன்னாங்க. ஒரு புடவையும் குடுத்தாங்க. நீ அதுகூடக் குடுக்கல. போகட்டும்."

எக்ஸ்பிரஸ் வாய் திறப்பதற்குள் நாத்தனார் படி இறங்கிவிட்டாள். உண்மையைச் சொல்ல வேண்டும் என்றால், போனால் போகட்டும் என்றுதான் எக்ஸ்பிரஸுக்கு முதலில் தோன்றியது. அது நிலைக்கவில்லை. வேலைக்குப் போகிற நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. உள்ளே கட்டில் கிறீச்சிட்டது.

"அக்கா போயிட்டாளா?" என்றான் புருஷன். "அவகிட்ட என்ன சொன்ன?"

"நன்றி சொன்னேன்."

அவன் கண்ணை மூடிக்கொண்டான். "வீட்டு ஆளுங்ககிட்ட யாராவது நன்றி சொல்லுவாங்களா? போ. போய் எப்படியாவது கூட்டிட்டு வா."

தெருமுனை பஸ் நிறுத்தத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள் நாத்தனார். ஒரு பஸ் வந்து நின்றது, எழுந்திருக்கவில்லை. இன்னொன்று வந்தது, அதன் பலகையைப் படித்துவிட்டுக் குனிந்துகொண்டாள். எக்ஸ்பிரஸ் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஓடி வந்ததில் மூச்சு வாங்கியது.

"எந்த பஸ்ல போறீங்க?"

"வரட்டும். பாக்கலாம்."

போக்கிடமே இல்லாமல் உட்கார்ந்திருக்கிறாள் என்று அப்போதுதான் எக்ஸ்பிரஸுக்கு உறைத்தது. இவள் தம்பிக்காகத் தங்கியிருக்கிறாள் என்று இத்தனை நாள் நினைத்திருந்தோமே, இரவு தலை சாய்க்க இவளுக்கும் வேறு இடம் இருந்ததில்லையே என்று எண்ணினாள்.

"அண்ணி, அது நானா சொன்னது இல்ல. வேலை செய்யற இடத்துல சொல்லச் சொன்னாங்க."

"என்னை வெளிய அனுப்பச் சொல்லியா? அவங்களுக்கு நான் என்ன பாவம் பண்ணேன்?"

"ஐயோ அண்ணி! யாருமே அப்படிச் சொல்லல. மனசுல இருக்கறதை வாய் விட்டுச் சொன்னா பாரம் குறையும்னாங்க."

"குறைஞ்சுதா?"

எக்ஸ்பிரஸ் அணை உடைந்தாற்போலப் பேசினாள். "எனக்கு உங்களைப் பிடிக்கல அண்ணி. நீங்க எதுக்கெடுத்தாலும் திட்டறது பிடிக்கல. அவர் உங்ககிட்ட சிரிக்கறது பிடிக்கல. என்கிட்ட அவர் சிரிச்சே எவ்வளவு நாளாச்சு தெரியுமா? ஆனா நீங்க போயிட்டா நான் செத்துடுவேன். அதைத்தான் சொல்ல வந்தேன். எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

பஸ் நிறுத்தத்தில் நின்ற இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். நாத்தனாருக்கு முகம் கோணிக்கொண்டது.

"உன்கிட்ட எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டுச் சிரிப்பான்? நீ வர நேரமானா கதவையே பாத்துட்டிருப்பான். உள்ள வந்ததும் உன் கை வெந்து கிடக்கறது தெரியும். அவ்வளவுதான், வாய் மூடிக்கும்." மூக்கைச் சிந்தித் துடைத்துக்கொண்டாள். சட்டென்று நிமிர்ந்தாள். "ஆமா, இப்ப அவன்கூட யாரு இருக்கா?"

"யாரும் இல்ல."

"தனியாவா விட்டுட்டு வந்த? அறிவிருக்கா உனக்கு? அவனைத் திருப்பிப் போட்டியா, இல்லையா?"

பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. இந்த வயதில் இவ்வளவு வேகமா என்கிற மாதிரி நடந்தாள். வழியெல்லாம் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே போனாள். பையைப் பெஞ்சிலேயே விட்டுவிட்டாள். எக்ஸ்பிரஸ் அதைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினாள். பை காற்றாய் இருந்தது. ஒரு பெண்பிள்ளையின் மொத்தச் சொத்தும் இவ்வளவுதானா என்று அவளுக்கு அழுகை முட்டியது.

கதவைத் திறந்தபோது அவன் கட்டிலின் ஓரத்துக்குச் சரிந்து கிடந்தான். தானாகவே திரும்பப் பார்த்திருக்கிறான். ஒரு கை கட்டில் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவில் மாட்டியிருந்தது. விரிப்பு நனைந்திருந்தது. முகத்தைச் சுவர்ப் பக்கம் வைத்திருந்தான்.

இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு பக்கம் போனார்கள். பகலில் ஒருத்தி, இரவில் ஒருத்தி என்று செய்து செய்து, இன்னொருத்தி எப்படிச் செய்வாள் என்று இருவருக்குமே தெரியாது. நாத்தனார் விரிப்பைச் சுருட்டிப் பிடித்து, "ம், தூக்கு" என்றாள். தூக்கும்போது அவள் மணிக்கட்டு வெடவெடவென்று நடுங்கியதை எக்ஸ்பிரஸ் பார்த்தாள். வீங்கியிருந்தது. துணியைச் சுற்றி அதை இத்தனை நாள் முந்தானைக்குள் மறைத்திருக்கிறாள். நேற்று எதற்கு நன்றி சொன்னோம் என்றே தெரியாமல் சொல்லியிருக்கிறோம் என்று எக்ஸ்பிரஸுக்குச் சுரீரென்றது.

"நாளையிலேருந்து வேலைக்குப் போறதுக்கு முன்னாடி நான் ஒரு தடவை திருப்பிட்டுப் போறேன் அண்ணி."

"ஆமா, கிழிச்ச. ராத்திரி முழுக்க முழிச்சிட்டு, பகல்ல அந்த அனல்ல நின்னுட்டு, இது வேறயா? இடுப்பு போச்சுன்னா உனக்கும் ஒரு கட்டில் போடணும். அந்தப் பக்கம் இழு, சுருக்கம் இருக்கு பாரு."

இழுத்தாள். அவனைத் துடைத்து, உலர்ந்த விரிப்பு மாற்றி, குதிகாலுக்கு அடியில் தலையணை வைத்தார்கள். சிவப்பு கொஞ்சம் கூடியிருந்தது.

அவன் கூரையைப் பார்த்துக்கொண்டே, குரல் உடைந்து சொன்னான்.

"வர மாட்டீங்கன்னு நெனச்சேன். ரெண்டு பேரும்."

நாத்தனார் ஈரத் துணியைப் பந்தாகச் சுருட்டிக் கூடையில் எறிந்தாள்.

"போடா பைத்தியக்காரா. போறதுக்கு எங்க ரெண்டு பேருக்கும் எங்கடா இடம் இருக்கு?"