இரண்டு விரலுக்கு ஒரு விசை

வேலையை விட்ட பிறகு என்னால் ஓரிடத்தில் உட்கார முடியாமல் போயிற்று. பல வருஷம் ஒரு தொழிற்சாலையின் வரைபடப் பிரிவில் இருந்தவள் நான். அந்தப் பிரிவையே வேறு ஊருக்கு மாற்றினார்கள், நான் போகவில்லை. கணவர் காலையில் கிளம்பியதும் ஸ்ரீரங்கத்து மாடி வீட்டில் ஹாலுக்கும் பால்கனிக்குமாக நடப்பேன். மடித்து வைத்த துணியை எடுத்து மறுபடி மடிப்பேன். அந்தத் தவிப்பில்தான் மேஜை மேல் வைக்கிற சின்ன சிஎன்சி மில்லிங் மிஷின் ஒன்றை வாங்கிப் பின்னறையில் வைத்தேன். கம்ப்யூட்டரில் வரைந்து கொடுத்தால் அலுமினியக் கட்டியை அதே வடிவத்தில் செதுக்கித் தரும். எதைச் செதுக்குவது என்பதுதான் தெரியவில்லை.

அதற்கு என் தம்பி வழி செய்தான். வையம்பட்டிக்கு அப்பால் ஒரு தோப்பைக் குத்தகைக்கு எடுத்துப் பெயிண்ட்பால் மைதானம் நடத்துகிறான். சாய உருண்டைகளைக் காற்றழுத்தத்தில் சுடும் துப்பாக்கிகளோடு இரண்டு அணியாகப் பிரிந்து ஆடும் ஆட்டம். அந்தத் துப்பாக்கிக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் மார்க்கர். அவனுடைய மார்க்கர்களில் விசை உடையும், உருண்டை இறங்கும் கழுத்து விரிசல் விடும்.

"அக்கா, இதுக்கெல்லாம் ஸ்பேர் வெளிநாட்டுல இருந்து வரணும்ங்கறாங்க. அதுக்குள்ள சீசனே முடிஞ்சிரும். நீ பண்ணித் தாயேன்" என்று ஒரு பை நிறைய உடைசல்களைக் கொண்டுவந்து கொட்டினான்.

நான் அளந்தேன், வரைந்தேன், செதுக்கினேன். மிஷின் ஓடும்போது மட்டும் என் கால்கள் நின்றன. கீழ் வீட்டு மாமிக்குத்தான் அந்தச் சத்தம் பொறுக்கவில்லை. "பெருமாளுக்கு அமுது பண்ற நேரத்துலயாவது அதைச் சித்த நிறுத்தப்டாதா?" என்பார். நிறுத்துவேன். நிறுத்தியதும் மறுபடி நடை.

ஒரு சாயங்காலம் தம்பி ஒருவரை அழைத்து வந்தான். பெரிய கடைவீதிப் பக்கம் அண்ணன் நடத்தும் அத்தர் கடையில் உட்காருகிறவர். அதற்கு முன்னால் வளைகுடாவில் ஏசி குழாய்க்குத் தகடு வெட்டும் பட்டறையில் இருந்திருக்கிறார். தகடு வெட்டும் மிஷினில் வலது கையின் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போய்விட்டன. மச்சான்கள் ஆட்டத்துக்குக் கூட்டிப்போயிருக்கிறார்கள். இவரால் மட்டும் விசையை இழுக்க முடியவில்லை.

"பாய், இடது கைல பிடிச்சுப் பாருங்கன்னு சொன்னேன்க்கா" என்றான் தம்பி.

"பிடிச்சேன். வேற யாரோ சுடற மாதிரி இருந்துச்சு" என்றார் அவர். கையை மறைக்கவில்லை. மேஜை மேல் வைத்து, நான் பார்த்து முடிக்கும்வரை எடுக்காமல் இருந்தார்.

பிள்ளைகள் விளையாடும் களிமண்ணை உருட்டிப் பிடியில் ஒட்டி, அவரை அழுத்தச் சொன்னேன். மோதிர விரலும் சுண்டுவிரலும் பதிந்த பள்ளங்களை வெர்னியர் அளவுகோலால் அளந்தேன். அந்த இரண்டு விரலும் எட்டுகிற மாதிரி விசையை நீளமாக, கீழ்ப்பக்கம் வளைத்து வரைய வேண்டியிருந்தது. இரண்டுக்கும் பலம் குறைவு என்பதால் தொட்டாலே இயங்கும்படி இலகுவாக்கினேன்.

அங்கேதான் தப்பாயிற்று. தம்பி மார்க்கரில் காற்றுச் சிலிண்டரை மாட்டி, பால்கனியில் தொங்கவிட்ட பழைய போர்வையைக் குறிவைக்கப் போனான். பிடி கைப்பிடிச் சுவரில் லேசாக இடித்தது. யாரும் விசையைத் தொடவில்லை. அது தானாகச் சுட்டது. கீழே முற்றத்துக் கொடியில் உலர்ந்துகொண்டிருந்த மாமியின் மடிப்புடவையில் ரோஸ் நிறம் பூவாகத் தெறித்தது.

"ஐயையோ, மடிக்கு ஒணத்தினதுடி!" என்று கீழிருந்து குரல் வந்தது. சோதனையைப் பார்க்க வந்திருந்த அத்தர் கடைக்காரரும் தம்பியும் சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டார்கள். நான் ஓடிப்போய்ப் புடவையை வாங்கி அலசிக் கொடுத்தேன். சாயம் தண்ணீரிலேயே போய்விட்டது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. இடித்தாலே சுடுகிற ஒன்றை ஒரு மனிதர் கையில் கொடுக்க இருந்தேனே என்று அன்று முழுக்க வீட்டுக்குள் சுற்றினேன்.

அடுத்ததில் சுருள்வில்லைக் கடினமாக்கி, அதற்கு ஈடாக விசையின் நெம்புகோலை நீட்டினேன். அதுவும் சரியாக வராமல் இன்னொன்று. கடைசியாக வந்ததை எப்படி இடித்தாலும் சுடவில்லை. அவர் சுண்டுவிரலை வைத்து இழுத்தால் சுட்டது. ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் மச்சான்கள் இருவரையும் சாயத்தில் குளிப்பாட்டினார் என்று தம்பி போனில் சொல்லிச் சிரித்தான்.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். சில நாளில் அவர் தனியாக ஆட்டோவில் வந்து இறங்கினார். கையில் ஒரு மோட்டார் பைக்கின் முன் பிரேக் லீவர்.

"மேடம், அதே மாதிரி இதுக்கும் ஒண்ணு பண்ணித் தருவீங்களா? வீடு காட்டூர்ல. பொண்ணை ட்யூஷன்ல இருந்து கூட்டிட்டு வரணும்னாக்கூட மச்சானைக் கேக்கணும். அவன் முகம் சுளிக்கறதில்ல. ஆனா கேக்கணும், பாருங்க."

"முடியாதுங்க" என்றேன். யோசிக்கவே இல்லை. "விசை உடைஞ்சா ஆட்டத்துல தோத்துப்போவீங்க. பிரேக் உடைஞ்சா?"

வாதாடுவார் என்று எதிர்பார்த்தேன். "சரிங்க மேடம், நீங்க சொல்றது நியாயம்" என்று லீவரைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு எழுந்தார். படியிறங்கும் முன் திரும்பி, "அந்த விசைக்கு அல்லாஹ் உங்களுக்கு நல்லது செய்யட்டும்" என்றார்.

அவர் கெஞ்சியிருந்தால் நான் நிம்மதியாக மறுத்திருப்பேன். அதற்குப் பிறகு ஸ்கூட்டரில் காவிரிப் பாலத்தில் போகும்போதெல்லாம் என் கண் அடுத்தவர்கள் கைகளையே பார்த்தது. சிலர் ஒற்றை விரலை லீவர் மேல் போட்டுக்கொண்டு போனார்கள். சிலர் போன் பேசிக்கொண்டே அலட்சியமாகப் பிடித்தார்கள். புத்தூரில் ஒரு சிக்னலில் பச்சை விழுந்தது தெரியாமல் பக்கத்து வண்டிக்காரரின் விரல்களையே பார்த்திருந்து பின்னாலிருந்தவரிடம் திட்டு வாங்கினேன். வீட்டில் குழம்பு அடிப்பிடித்தது. "செய்யலாமா கூடாதான்னு ஒரு முடிவுக்கு வா. இப்படி நடந்து நடந்து டைல்ஸைத் தேய்க்காதே" என்றார் கணவர்.

லீவரையே புதிதாகச் செதுக்க வேண்டும் என்று நினைத்ததுதான் என்னைப் பயமுறுத்தியது என்பது ஒரு காலை பல் தேய்க்கும்போது பிடிபட்டது. கம்பெனி லீவர் அப்படியே இருக்கட்டும். அதன் வெளி நுனியில், அவருடைய இரண்டு விரல்கள் வரும் இடத்தில், கைக்கு நெருக்கமாக வருகிற மாதிரி ஓர் உறை. திருகு கழன்று உறை விழுந்தாலும் லீவர் மிஞ்சும். வாயைக் கொப்பளித்ததும் அவருக்குப் போன் செய்தேன்.

உறை தயாரானதும் தம்பியின் மைதானத்துக்குப் போனோம். ஆட்டம் இல்லாத நாள். தோப்பை ஒட்டி நீளமான மண் பாதை ஒன்று உண்டு. அவர் வண்டியில் உறையை மாட்டித் திருகை முடுக்கினேன். அவர் ஹெல்மெட்டை எடுத்தார்.

"இருங்க, முதல்ல நான்" என்றேன்.

"அக்கா, உனக்கு கியர் வண்டி ஓட்டி எவ்வளவு நாளாச்சு!" என்றான் தம்பி.

காலேஜில் கற்றுக்கொண்டது மறந்திருக்கவில்லை. வலது கையின் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் உள்ளங்கையோடு மடக்கி டேப் சுற்றச் சொன்னேன். தம்பி முணுமுணுத்துக்கொண்டே சுற்றினான். அந்தக் கையோடு ஆக்ஸிலேட்டரைப் பிடித்தபோதுதான் அவருடைய ஒவ்வொரு நாளும் எவ்வளவு இறுக்கமானது என்று கொஞ்சம் தெரிந்தது. மெதுவாகப் போய்ப் பிரேக்கைப் பிடித்தேன், நின்றது. வேகமாகப் போய்ப் பிடித்தேன். பின் சக்கரம் லேசாக வழுக்கினாலும் வண்டி நிதானமாக நின்றது. கை வலிக்கும்வரை போய்ப் போய்த் திரும்பினேன். உறை இம்மி நகரவில்லை.

பிறகு அவர் ஏறினார். பாதையின் கோடிவரை போனார்; புளியமரத்துக்குப் பின்னால் வண்டி மறைந்தது. சத்தமும் நின்றது. நானும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு ஓட ஆரம்பித்தோம். அங்கே அவர் வண்டியை ஓரமாக நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றி, கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணுமில்ல மேடம். தூசி" என்றார்.

இப்போது அவர்தான் மகளைக் கூட்டி வருகிறார். உறையைச் சோதிக்க மாதம் ஒருமுறை வண்டியோடு வந்தால்தான் ஆச்சு என்று கறாராகச் சொல்லியிருக்கிறேன். போன தடவை வந்தவர், வாசலில் வண்டியருகே நின்று தெருமுனைக் கடை டீயை ஊதிக்கொண்டே, "முந்தாநாள் பாலத்துல ஒரு ஆட்டோ திடீர்னு நின்னுட்டான் மேடம். பொண்ணு பின்னால இருந்துச்சு. பிடிச்சேன், நின்னுச்சு" என்றார், ஏதோ மழை பெய்ததைச் சொல்கிற மாதிரி.

நான் தெருவிலேயே மண்டியிட்டு உறையைக் கழற்றி மாடிக்கு எடுத்துப்போனேன். பூதக்கண்ணாடியில் விரிசல் எதுவும் தெரியவில்லை. ஆனாலும் மனசு கேட்கவில்லை. மிஷினில் புது அலுமினியக் கட்டி ஒன்றைப் பூட்டினேன். "இன்னொரு டீ குடிங்க, நேரமாகும்" என்று பால்கனியிலிருந்து அவரிடம் சொன்னேன்.

"இதுவே நல்லாத்தானே இருக்கு மேடம்?" என்றார்.

"இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு மிஷினை ஓடவிட்டேன்.