மூன்று வீடுகளில் சொன்ன பொய்

வேலுத்தாய் 1994இல் ஆசிரியப் பயிற்சி படித்தபோது, வளரிளம் பருவத்துப் பிள்ளைகள் பெற்றோர் சொல்லைவிடக் கூட்டாளிகளைப் பார்த்தே நடப்பார்கள் என்று உளவியல் பாடத்தில் வந்தது. பெற்றோர் யாரைப் பார்த்து நடப்பார்கள் என்று அதில் இல்லை. அது அவருக்குப் பதினான்கு வயதிலேயே தெரிந்திருந்தது.

1985 கோடையில், மம்சாபுரத்தில் எட்டாவது முடித்த கையோடு அவர் வயதுக்கு வந்தார். ஒன்பதாம் வகுப்புக்கு ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ்ஸில் போகவேண்டும்.

"வயசுக்கு வந்த பிள்ளைய எவ அனுப்புதா? ஒங்கூடப் படிச்ச மரகதம் போகல, ஜெபக்கனி போகல. நீ மட்டும் என்ன கலெக்டரா?" என்றார் அம்மா சீனியம்மாள்.

வேலுத்தாய் மரகதத்தின் வீட்டுக்குப் போனார். "அத்தே, நானும் ஜெபக்கனியும் திங்கக்கெழம சேரப் போறோம்." ஜெபக்கனியின் வீட்டில் மரகதத்தின் பெயரைச் சொன்னார். பிறகு தன் அம்மாவிடம் வந்து, "அவளுக ரெண்டு பேரும் போறாளுகளாம்" என்றார்.

திங்கட்கிழமை மூன்று அம்மாக்களும் மகள்களோடு பஸ்ஸுக்கு வந்து நின்றார்கள்.

"ஒங்க மக போறான்னுதான்க்கா நானும் இவளக் கூட்டியாந்தேன்" என்றார் மரகதத்தின் அம்மா.

"நீ அனுப்புதன்னுல்லா நான் வந்தேன்!" சீனியம்மாள் மகளைத் திரும்பிப் பார்த்தார். "ஏட்டி!"

அதற்குள் பஸ் வந்துவிட்டது. தெருக்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மகளை முதல் ஆளாகத் திருப்பி அழைத்துப்போக எந்த அம்மாவுக்கும் துணிவில்லை. மூவரும் ஏறினார்கள்; பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்துவிட்டுத்தான் திரும்பினார்கள்.