வாசித்தேன் என்று சொன்ன நாள்

தொண்ணூறுகளின் கடைசிப் பகுதி. ரொறன்ரோவில் வெக்ஸ்போர்ட் பக்கம் நாங்கள் குடியிருந்தோம். எனக்கு ஒஷாவாவில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் வேலை. நான் கொஞ்சம் ஆங்கிலம் படித்தவன் என்பதால், தெரிந்தவர்களுக்கு வரும் கடிதங்களெல்லாம் என்னிடம்தான் வந்து சேரும். குடிவரவுப் படிவம், பள்ளிக்கூடக் கடிதம், எதுவென்றாலும் வாசித்துச் சொல்வேன். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது, பொய் சொல்வானேன்.

அந்த நேரம் என் நண்பர் ஒருவர் புதிதாகக் கம்பனி தொடங்கினார். கணினி வழியாக இலங்கைக்கு மலிவாகத் தொலைபேசி பேச வைப்பதுதான் திட்டம். நாங்கள் நாலு பேர் பங்கு சேர முன்வந்தோம். அதில் ஒருத்தி எங்கள் பழைய பக்கத்து வீட்டுக்காரி. சாப்பாட்டுத் தொழிற்சாலையில் வேலை செய்து, கணவனோடு சேர்ந்து ரெக்ஸ்டேலில் ஒரு சின்ன வீடு அப்போதுதான் வாங்கியிருந்தாள். ஆங்கிலம் எழுத்துக்கூட்டி வாசிப்பாள், அவ்வளவுதான்.

பங்கு ஒப்பந்தம், கையெழுத்து வைக்க ஒரு கிழமைக்கு முன்பே என் கைக்கு வந்துவிட்டது. ஐம்பது பக்கத்துக்குக் கிட்ட இருக்கும். வேலைக்கு ரயிலில் போகும்போது ஐந்தாறு பக்கம் பார்த்தேன். "இன்னார், இனிமேல் இன்னார் என அழைக்கப்படுபவர்" என்றே போனது. கண் சொருகிவிட்டது. எங்கடை ஆள்தானே என்று பையில் வைத்துவிட்டேன். வரிக்கு வரி வாசித்துக் கேள்வி கேட்டால் நண்பரை நம்பவில்லை என்று ஆகிவிடுமோ என்ற கூச்சம் வேறு. எங்கள் ஆட்களுக்கு இது ஒரு வியாதி.

கையெழுத்து வெள்ளிக்கிழமை காலை, கம்பனிக்காக நண்பர் பிடித்த வழக்கறிஞரின் அலுவலகத்தில். நண்பர் தாள்களின் மூலையில் மஞ்சள் தடவி வைத்திருந்தார். "பத்தரைக்கு ராகு காலம். அதுக்கு முதல் வைச்சிட வேணும்" என்று அவசரப்படுத்தினார். வழக்கறிஞர் அந்த மஞ்சளைப் பார்த்துவிட்டுப் பேனையை மேசையில் வைத்தார்.

முதல் கையெழுத்து அவளுடையது என்று முடிவானது. பேனையை எடுக்க முன் என் பக்கம் குனிந்தாள்.

"அண்ணை, முழுக்க வாசிச்சனீங்கள்தானே?"

"ஓம், பயப்பிட ஒண்டுமில்லை" என்றேன். கூசாமல் சொன்னேன்.

அவள் தன் பெயர் இருந்த பக்கத்தைப் புரட்டி, விரலை வைத்து எழுத்துக்கூட்டினாள். "அப்ப ஏன் உதில எங்கடை வீட்டு விலாசம் கிடக்கு? உந்தப் பக்கத்தை மட்டும் எனக்குத் தமிழில சொல்லுங்கோ."

வாங்கி வாசித்தேன். இரண்டாவது வரியை இரண்டு தரம் வாசித்தேன். கம்பனி எடுக்கும் வங்கிக் கடனுக்கு நாங்கள் ஒவ்வொருவரும் தனித்தனியே பிணை. கம்பனி கட்டாவிட்டால் எங்கள் வீடுகளில் கை வைக்கலாம். அவளுக்குத் தமிழில் சொல்லச் சொல்லத்தான் எனக்கே விளங்கியது. வெட்கத்தில் முகம் எரிந்தது.

நண்பர் தாளை வாங்கித் தானும் பார்த்தார். ஏமாற்ற நினைத்தவரல்ல, அவரும் அதை வாசிக்கவில்லை. பத்தரை தாண்டியது. ஒருவரும் கையெழுத்து வைக்கவில்லை. பிறகு எங்களுக்கென்று வேறொரு வழக்கறிஞரிடம் காட்டி, அந்தப் பக்கத்தை நீக்கிய பின்தான் சேர்ந்தோம். அதனால் வங்கி சின்னக் கடன்தான் கொடுத்தது. நண்பருக்கு அதில் மனவருத்தம். இரண்டு வருடத்தில் கம்பனி மூடப்பட்டது. நாங்கள் போட்ட பணம் போனது, வீடுகள் தப்பின.

அந்த வெள்ளிக்கிழமை கார் நிறுத்துமிடத்தில் அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

"நீங்கள் வாசிக்கிறியள் எண்டுதான் அண்ணை, எங்கடை இவர் இண்டைக்கு லீவு போட்டு வராமல் வேலைக்குப் போனவர்" என்றாள்.

வாசிக்கவில்லை என்ற ஒரு சொல்லைச் சொல்ல நான் வெட்கப்பட்டதற்கு, என்னை நம்பிய ஒருத்தி தன் வீட்டையே இழக்கப் பார்த்தாள் என்பது இத்தனை வருடத்துக்குப் பிறகும் என்னை உறுத்திக்கொண்டேதான் இருக்கிறது.