மெழுகுவத்தி ஏற்ற ஓர் இடம்

பேய், ஆவி என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். ஃபாக்டரியில் லேத் மிஷினோடு இருபது வருஷம் குப்பை கொட்டியவனுக்கு அதெல்லாம் ஏறாது. இதை நீங்கள் நம்பாவிட்டாலும் எனக்கு வருத்தமில்லை, முழுசாகக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

கோலார் தங்க வயலில் சுரங்கத்தை மூடிய வருஷம், கல்லறைத் திருநாள். மறுநாள் நாங்கள் பெங்களூருக்குக் குடிபோகிறோம். ஊரே பூமாலையும் மெழுகுவத்தியுமாகக் கல்லறைக்குப் போகிற நாள் அது, ஆனால் என் மனைவி ஸ்டெல்லாவுக்குப் போக ஒரு கல்லறை கிடையாது. அவளுக்கு ஐந்து வயதில், சுரங்கத்துக்குள் பாறை வெடித்து அவள் அப்பா மாட்டிக்கொண்டார். உடலை எடுக்க முடியாமல் அந்த வழியையே அடைத்துவிட்டார்கள். வீட்டில் அவர் போட்டோ ஒன்றுகூட இல்லை.

"ஊர உட்டுப் போறதுக்குள்ள ஒரு வாட்டி எல்லாத்தையும் சுத்திப் பாத்துடலாங்க. கடைசியா அப்பா எறங்குன ஷாஃப்ட்டாண்ட ஒரு மெழுவத்தி வெச்சிட்டு வந்துடலாம்" என்றாள்.

ராபர்ட்சன்பேட்டையில் டவுன் பஸ் ஏறினோம். வெள்ளைக்காரர்கள் கட்டிய சர்ச், அவர்கள் ஆடிய கிளப், தங்கம் பிரித்த கழிவு மண் குவிந்த சயனைடு மலை என்று இறங்கி இறங்கி ஏறினோம். பிறந்து வளர்ந்த ஊரை வெளியூர்க்காரர்கள் மாதிரி வேடிக்கை பார்த்தோம். ஒவ்வொன்றுக்கும் அவள் ஒரு கதை சொன்னாள், "நீ கைடு வேலைக்குப் போலாம்" என்று கிண்டல் செய்தேன், சிரித்தாள்.

ஷாஃப்ட் என்றால் ஆட்களைக் கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் சுரங்கத்துக்குள் இறக்குகிற குழி; அதன் கேட்டில் பூட்டு. "உள்ள உட ஆர்டர் இல்லம்மா, இங்க நெருப்பும் வெக்கக் கூடாது" என்றார் வாட்ச்மேன். பாவம், அவர் என்ன செய்வார். திரும்பி வருகிற பஸ்ஸில் கூட்டமே இல்லை, நல்ல மத்தியான வெயில். ஸ்டெல்லா மெழுகுவத்தியை மடியில் வைத்துக்கொண்டு, முந்தானையில் முகத்தைப் புதைத்து அழுதுகொண்டே வந்தாள். நாங்கள் இருவருமே வாயைத் திறக்கவில்லை.

அப்போது முன் சீட்டில் இருந்தவர் திரும்பினார்.

"அங்க இன்னாத்துக்கு வெக்கணும் பாப்பா? அது கேஜ் எறங்குற எடம் அவ்ளோதான். எறங்கி, உள்ள எவ்ளோ தூரம் நடப்போம் தெரிமா? இப்ப ஒரு புளிய மரம் வரும் பாரு, அதுக்கு நேர் கீழதான்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. முப்பதுகூட ஆகாதவன், முப்பத்தைந்து வயதுக்காரியைப் பாப்பா என்கிறானே. "யோவ், மரியாதையா பேசுய்யா" என்றேன். அவர் கண்ணெடுக்காமல் என்னையே பார்த்தார். அதற்குள் ஸ்டெல்லா எழுந்துவிட்டாள். "எறங்கலாங்க" என்றாள். கண்டக்டர் விசிலடித்தார், மரத்தடியில் பஸ் நின்றது.

இறங்கியது நாங்கள் இருவர் மட்டும்தான். பஸ் கிளம்பும்போது இன்னொரு தடவை முறைக்கலாம் என்று ஜன்னலைப் பார்த்தேன். அந்த சீட்டில் யாரும் இல்லை. அப்போதுதான் உறைத்தது, அவள் அப்பாவைப் பற்றி பஸ்ஸில் நாங்கள் மூச்சுகூட விடவில்லை.

மரத்தடியில் மெழுகுவத்தியை ஏற்றிவிட்டு, "அப்பா, நாங்க போறோம்பா" என்று அவள் மண்ணில் கை வைத்து அழுதாள். நானும் அழுதேன். சுரங்கத்தில் சர்வேயராக இருந்த ஒருவரைப் பிறகு பெங்களூரில் பார்த்து, அடைத்த வழி எங்கே போகிறது என்று கேட்டேன். காகிதத்தில் கோடு போட்டுக் காட்டினார், அது அந்த மரத்துக்கு அடியில்தான் போனது.

இதில் என்னை இன்றுவரை தூங்கவிடாதது வேறு. அன்று ஸ்டெல்லா தலை நிமிர்ந்து அவரைப் பார்க்கவே இல்லை, குரலை மட்டும்தான் கேட்டாள். ஒவ்வொரு கல்லறைத் திருநாளும் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு என்னிடம் கேட்கிறாள், "அவரு பாக்க எப்டி இருந்தாருங்க, எஞ் சாடையா?"

"ஆமா" என்கிறேன். பொய். நனைந்த காலர் நினைவிருக்கிறது, நகத்தில் இருந்த சேறு நினைவிருக்கிறது, நான் திட்டியது நன்றாக நினைவிருக்கிறது. என்னை அவ்வளவு நேரம் நேருக்கு நேர் பார்த்த அந்த முகம் மட்டும், எத்தனை யோசித்தாலும் வர மாட்டேன் என்கிறது.