துணை ஆசிரியர் அழித்த வரிகள்

கறுப்புத் திரையில் வரிகள் சரசரவென்று மேலேறுவதை, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் துணை ஆசிரியர் பார்த்துக்கொண்டிருந்த மத்தியானம் இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை. இராமநாதபுரத்தில் ஒரு வார இதழில் இருவரும் வேலை பார்த்தோம். பழைய இதழ்களையெல்லாம் கணினியில் ஏற்றிவிட்டு, அச்சுப் பிரதிகளை எடைக்குப் போட்டிருந்தார்கள். சிக்கல் என்ற ஊர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்துக்காரரான அவர், கிரெப் என்ற கணினிக் கட்டளையை ஆசையாகக் கற்றிருந்தார். ஒரு சொல்லைத் தட்டினால், எத்தனை கோப்புகளுக்குள் கிடந்தாலும் அந்தச் சொல் உள்ள வரியெல்லாம் வந்து நிற்கும்.

அன்று தேடச் சொன்னவர் எங்கள் முதலாளி. கடலோரத்து உப்பளக்காரர் ஒருவர் இதழுக்குத் தொடர்ந்து விளம்பரம் தர ஒப்புக்கொண்டிருந்தார். "அந்த உப்பளம் பேரு வர்ற செய்தியப் பூராம் எடுத்துருங்க. இன்டர்நெட்டுல ஏத்தும்போது ஒண்ணும் இருக்கக் கூடாது" என்றார். அங்கே லாரியில் அடிபட்டு இறந்த பெண்ணைப் பற்றித் துணை ஆசிரியர் பல வாரங்கள் எழுதியிருந்தார். அவள் தங்கள் ஆளே இல்லை என்று உப்பளத்தார் சாதித்தபோது, வேலைக்கு வைத்தது தான்தான் என்று அங்கே ஆள் கூட்டிவரும் கங்காணி ஒப்புக்கொண்டதை வெளியிட்டவர் அவர்.

கோப்புப் பெயர்களை மட்டும் காட்டச் சொல்லியிருக்கலாம். அவர் வரிகளையே வரவழைத்துப் படித்தார். "நான் மாட்டேன்னா வேற ஆள வச்சு அழிப்பாக" என்று என்னிடம் சொல்லிவிட்டு, எல்லாவற்றையும் நீக்கினார். மறுபடி தேடினார். ஒரு வரியும் வரவில்லை; இல்லை என்றுகூடக் கணினி சொல்லவில்லை.

மறு வருஷம் இறந்தவளின் தாய் அலுவலகத்துக்கு வந்தார். நட்ட ஈட்டு வழக்கு நடந்துகொண்டிருந்தது. "அய்யா, எம்மக அங்கன வேலை பாத்தான்னு கங்காணி சொன்னத எழுதுனீகள்ல, அந்தப் பேப்பரு வேணும். வெளிய எங்கயும் கெடைக்கல. இப்ப அவன் மாத்திப் பேசுறான்."

துணை ஆசிரியர் உப்பளத்தின் பெயரைத் தட்டினார். வந்தது ஒரே வரி: பொங்கல் வாழ்த்து விளம்பரம். "கோர்ட்டுக்கு நானே வாரேம்மா" என்றார்.

போனார், வேலை போயிற்று. "எழுதினேன் என்கிறீர்களே, அந்தச் செய்தி எங்கே?" என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார். "நான்தான் அழிச்சேன்" என்றார். வழக்கு தோற்றது.

எங்கள் பழைய இதழ்கள் அனைத்தையும் தேடிப் படிக்கலாம் என்று இன்று இணையத்தில் பெருமையாகப் போட்டிருக்கிறார்கள். தீர்ப்பன்று நீதிமன்ற வாசலில் அந்தத் தாய் துணை ஆசிரியரை நிமிர்ந்து பார்த்தார். "எம்மக ரெண்டு தடவ செத்தா அய்யா" என்றார்.