ஏதோ ஓடுதுங்க!

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஒரே வாக்கியத்தில் ஒரு கம்பெனியைக் கவிழ்க்கப் பார்த்தேன்.

கம்பெனியின் முதலாளி என் மனைவி கலாமணி. கவிழ்க்கப் பார்த்த இடம் பேங்க். ஆயுதம்... வேறென்ன, என் வாய்தான்.

கேரள எல்லைக்குள் இருக்கும் எங்கள் பெருமாட்டிப் பக்கம் தேங்காய்க்குப் பஞ்சமில்லை. தேங்காயைச் சிவக்க வறுத்து, மிளகாய், புளி, இஞ்சி சேர்த்து இடித்தால் சம்மந்திப்பொடி. கோபாலபுரம் செக்போஸ்டைத் தாண்டிப் பொள்ளாச்சிக்குப் போனால் அதே பாக்கெட் தேங்காய்ப்பொடி ஆகிவிடும். செக்போஸ்டில் பெயர் மட்டும் மாட்டிக்கொள்கிறது, பொடி தப்பிவிடுகிறது.

கலாமணியும் அவளுடைய கூட்டாளி ருக்மணியக்காவும் எங்கள் வீட்டு மாட்டுக் கொட்டகையில்தான் இதைத் தயாரிக்கிறார்கள். (மாட்டை எப்போதோ விற்றாயிற்று. அங்கே இப்போது சும்மா அசைபோட்டுக்கொண்டு நிற்பது நான்தான்.)

பெரிய இரும்புச் சட்டியில் கிளறிக் கிளறி இரண்டு பேருக்கும் தோள்பட்டை போய்விட்டது. பொள்ளாச்சிக் கடைக்காரர் வேறு, "வாராவாரம் ஒழுங்காச் சரக்கு வந்தா எடுத்துக்கறனுங்க. இல்லாட்டி வேற ஆளைப் பாத்துக்கறனுங்க" என்று சொல்லிவிட்டார். கையால் வறுத்து அவருக்குக் கொடுத்து மாளாது. வறுக்கும் மெஷின் வேண்டும். மெஷினுக்கு லோன் வேண்டும். லோனுக்கு?

"ட்ரெய்னிங் வேணும்" என்றார் ஷைலஜா டீச்சர்.

தொழில் செய்கிற பெண்களுக்கு வரவு செலவு, லாபக் கணக்கு, பேங்க்கில் பேசுவது எப்படி என்றெல்லாம் சொல்லித்தர எங்கள் பஞ்சாயத்து ஹாலுக்கு வந்தவர் அவர். கடைசி நாலைந்து நாள் ஒத்திகை. பொய் பேங்க், பொய் மேனேஜர், பொய் இன்டர்வியூ. மேனேஜராக நடிக்க வேண்டியவர் வரவில்லை. டீச்சர் ஹாலைச் சுற்றிப் பார்த்தார். பாக்கெட் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு ஃபேனுக்கு அடியில் நின்றுகொண்டிருந்த என்மீது - குறிப்பாக என் தொப்பைமீது - அவர் பார்வை நிலைத்தது.

"சேட்டா, இங்கே உக்காருங்க. நல்லா பயமுறுத்தணும், கேட்டோ?"

பயமுறுத்துவதா? நானா? பேங்க்குக்குள் கால் வைத்தாலே என் கையெழுத்து மாறிவிடும்! வீட்டில் போட்டால் அது என் கையெழுத்து. பேங்க்கில் போட்டால், யாரோ ஒருவன் என்னைப்போல் போட முயன்ற கையெழுத்து. ஏ.டி.எம்.மில் தனியாக நிற்கும்போதுகூட, "கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்று காற்றிடம் சொல்கிற ஆள் நான்.

ஆனால் நாற்காலி இருக்கிறதே... பொல்லாதது. பிளாஸ்டிக் நாற்காலிதான். உட்கார்ந்த கொஞ்ச நேரத்திலேயே கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டேன். நாற்காலி சுழலவில்லை, அதனால் நானே சுழன்றேன்.

முதலில் வந்தவர் ருக்மணியக்கா.

"பிசினஸ் எப்படிப் போகுது?"

"ஏதோ ஓடுதுங்க."

"லாபம் வருதா?"

"எங்கீங்க லாபம்... உங்க புண்ணியத்துல பொழப்பு நடக்குதுங்க."

"லோன் எவ்வளவு வேணும்?"

"நீங்க பாத்துக் குடுங்க."

டீச்சர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

இது எங்கள் பக்கத்து வியாதி. வியாபாரம் நன்றாக நடக்கிறது என்று வாய்விட்டுச் சொல்ல மாட்டோம். கண் பட்டுவிடும்! கடையில் கூட்டம் நெரியும். முதலாளி கல்லாவில் உட்கார்ந்துகொண்டு "ஈ ஓட்டறனுங்க" என்பார். தோப்பில் குலை குலையாகத் தொங்கும். "இந்த வருசம் ஒண்ணுமே இல்லீங்க" என்போம். உள்ளூரில் எல்லோருக்கும் இந்தப் பாஷை அத்துப்படி. பேங்க்குக்கு? 'லாபமில்லை' என்று சொன்னால் அது நம்பித் தொலைக்குமே!

"அக்கா, லாபம் வருதுன்னு உரக்கச் சொல்லணும்" என்றார் டீச்சர்.

ருக்மணியக்கா இடப்பக்கம் பார்த்தார். வலப்பக்கம் பார்த்தார். எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினார். திரும்பி வந்து மேஜைமேல் குனிந்து என் காதோடு சொன்னார்:

"வருதுங்க."

"எவ்வளவு?"

"கொஞ்சூண்டு."

அந்தக் 'கொஞ்சூண்டை' வெளியே சொன்ன தோஷத்துக்கு, அன்று சாயங்காலம் ஹாலின் பின்பக்கம் எல்லோரையும் நிற்கவைத்து உப்பும் மிளகாயும் சுற்றி நெருப்பில் போட்டார்கள். வாட்ச்மேன் தீப்பிடித்துவிட்டதென்று வாளியோடு ஓடிவந்தார். நெடி ஏறி எல்லோரும் இருமினோம். இருமல் வந்துவிட்டதால் திருஷ்டி இல்லை என்று தீர்ப்பானது. அதிகம் இருமியவர் டீச்சர்.

ஒத்திகையில் அடுத்தது கலாமணி. நம் மனைவியாயிற்றே என்று விட்டுக்கொடுத்தேனா? அதெப்படி! குரலைக் கனமாக்கிக்கொண்டு, "லாபம் எவ்வளவு?" என்றேன்.

அவள் டீச்சரைத் திரும்பிப் பார்த்தாள்.

"சொல்லுங்க சேச்சி. இது சும்மா நடிப்புதானே?" என்றார் டீச்சர்.

"நடிப்புதானுங்க டீச்சர். ஆனா காது நெசக் காதாச்சே! இவருகிட்ட லாபத்தைச் சொல்லிப்போட்டா, அப்புறம் ஊட்டுச் செலவுக்கு யாருங்க குடுப்பாங்க?"

ஹாலே அதிர்கிற மாதிரி சிரிப்பு. பொய் மேனேஜர் நிஜமாகவே முகம் சிவந்தார்.

ஒத்திகை நடந்த அத்தனை நாளும் அவள் வாயிலிருந்து அந்தக் கணக்கு வரவில்லை. டீச்சருக்குக் கவலை பிடித்துக்கொண்டது. "சேச்சி, பேங்க்லயும் இப்படி இருந்தா லோன் கிடைக்காது, கேட்டோ? மேனேஜர் பாவம், உங்க மனசு அவருக்கு எப்படித் தெரியும்? சொல்றதைத்தான் எழுதுவார்."

செவ்வாய்க்கிழமை வந்தது. இது நிஜ பேங்க். என் பதவியும் இறங்கிவிட்டது: டிரைவர், கூடவே சாம்பிள் பாக்கெட் தூக்குபவர். ஆனாலும் பழைய மேனேஜர் அல்லவா? வழிநெடுக அட்வைஸ் செய்துகொண்டே வண்டி ஓட்டினேன்.

"தைரியமாச் சொல்லு. 'ஏதோ ஓடுது'ன்னு மட்டும் வாய் தவறிக்கூடச் சொல்லிராத, அம்மிணி."

அவள் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். "ஏனுங்க, உள்ளே வந்தா நீங்க வாயையே தொறக்கக் கூடாது."

"நான் எதுக்குத் தொறக்கப் போறேன்?"

மேனேஜர் இளவயதுக்காரர். திருச்சூர்ப் பக்கம் போலிருக்கிறது, அழகாகச் சிரித்தார். லோன் கேட்பவள் அவர் எதிரே உட்கார்ந்திருக்கிறாள். ஆனால் அவர் கண் அவளைத் தாண்டி, பக்கத்தில் பாக்கெட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த என்னிடம் வந்தது. ஆம்பளை என்று ஒருவன் அருகில் இருந்தால், கேள்வி அவனைத் தேடித்தானே வரும்?

"பின்னே சேட்டா... பிசினஸ் எப்படிப் போகுது?"

நாக்கு மேலே போய் ஒட்டிக்கொண்டது. ஒட்டியே இருந்திருந்தால் பரவாயில்லை... பிரிந்து தொலைத்தது.

"ஏதோ ஓடுதுங்க."

வார்த்தை வெளியே போவதை நான் கண்ணால் பார்த்தேன். பிடித்து உள்ளே போட்டுக்கொள்ள முடியவில்லை. மேனேஜரின் சிரிப்பு ஒரு சுற்று இளைத்தது.

"அப்போ லாபம்?"

"எங்கீங்க லாபம்..."

நானேதான்! ஊர்ப் பெண்களையெல்லாம் மூக்குக்கண்ணாடிக்கு மேலே பார்த்து மிரட்டிய அதே நான்! மேனேஜர் பேனாவை மூடினார். அந்த 'டக்' சத்தம், பொள்ளாச்சிக் கடைக்காரர் ஷட்டரை இறக்குகிற சத்தமாக எனக்குக் கேட்டது.

சரிசெய்ய வேண்டாமா? செய்தேன்.

"இல்லீங்க சார், ரொம்ப ரொம்ப நல்லாப் போகுதுங்க! துபாய்ல இருந்தெல்லாம் கேக்கறாங்க!"

"ஓ! எக்ஸ்போர்ட்டா? லைசென்ஸ் இருக்கா?"

"லை... இல்லீங்க. ஒரே ஒரு பாக்கெட்டுங்க. என்ற மச்சான் கேட்டான். அதுவும் சும்மா கேட்டான்."

மேஜைக்கு அடியில் என் தொடையில் ஒரு கிள்ளு விழுந்தது. தழும்பு இன்னும் இருக்கிறது. காட்டுகிற இடத்தில் இல்லை.

"சார், லோன் கேக்கறது நானுங்க. என்னையக் கேளுங்க" என்றாள் கலாமணி.

மேனேஜர் கொஞ்சம் வெட்கப்பட்டார். நாற்காலியை அவள் பக்கம் திருப்பினார். அது நிஜமாகவே சுழல்கிற நாற்காலி.

"எங்க பக்கம் 'ஏதோ ஓடுது'ன்னு ஒருத்தரு சொன்னா, நல்லா ஓடுதுன்னு அர்த்தமுங்க. 'ரொம்ப நல்லா ஓடுது'ன்னு சொன்னா, அவரு கடையை மூடப் போறாருன்னு அர்த்தம். இவரு ரெண்டையும் சொல்லிட்டாரு. ரெண்டையும் வுட்டுப்போடுங்க. நான் சொல்றனுங்க."

சொன்னாள். மாதம் எத்தனை பாக்கெட் போகிறது, தேங்காய்க்கு என்ன, விறகுக்கு என்ன, ருக்மணியக்காவுக்கும் தனக்கும் கூலி என்ன, எல்லாம் போகக் கையில் நிற்பது என்ன... ஒரு தடுமாற்றம் இல்லை. ஜன்னலைக்கூடச் சாத்தவில்லை.

அந்த லாபத் தொகையைக் கேட்டதும் என் மடியிலிருந்த பாக்கெட் கீழே விழுந்தது. முந்தின வாரம்தான் மொபைல் ரீசார்ஜுக்கு என்னிடம் கை நீட்டினாள்! தொகையை இங்கே எழுத மாட்டேன். திருஷ்டி. நான் எழுதிச் சம்பாதிப்பதைவிட அதிகம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். அதொன்றும் பெரிய சாதனையில்லையே என்று நீங்கள் முணுமுணுப்பது இங்கே கேட்கிறது.

"லோன் எவ்வளவு வேணும், சேச்சி?"

'நீங்க பாத்துக் குடுங்க' வரப்போகிறதா?

"மெஷின் வெலையில எங்க கைக்காசு போக மிச்சம் முழுசா வேணுமுங்க. கொறைச்சுத் தர்றதா இருந்தா வேண்டாம். பாதி மெஷினை வெச்சு வறுக்க முடியாதுங்களே, சார்!"

மேனேஜர் வாய்விட்டுச் சிரித்தார். பேனா மறுபடி திறந்தது.

வெளியே வந்ததும் கேட்டேன். "ஒத்திகையில என்னைய அந்தப் பாடு படுத்துன. இங்கே மட்டும் எப்படி வந்துச்சு?"

"நீங்க ஒளறுனதைக் கேட்டனா... இதுக்கு மேல கெடறதுக்கு என்ன இருக்குதுன்னு தைரியம் வந்துருச்சுங்க."

ஆக, என் உளறலும் ஒருவகைப் பொருளாதார உதவிதான்!

சும்மா சொல்லவில்லை, யோசித்துப் பார்த்தேன். கணக்கு அவளுக்கு எப்போதுமே தெரியும். அதைச் சத்தமாகச் சொல்ல ஓர் இடமும், அவள் முகத்தைப் பார்த்துக் கேட்க ஓர் ஆளும் வேண்டியிருந்தது. அப்புறம், பக்கத்திலிருக்கிற ஆம்பளை நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொள்ள வேண்டும். முடிந்தால் வெளியே.

முந்தாநாள் மெஷின் வந்து இறங்கியது. (அது வரும்வரை இதை எழுதக் கூடாது என்று உத்தரவு. காரணம் உங்களுக்கே தெரியும்.) கொட்டகைக்குள் அது கடகடவென்று சுழல்கிறது. ருக்மணியக்கா தோளைத் தேய்க்காமல் உட்கார்ந்து பாக்கெட் ஒட்டுகிறார். பொள்ளாச்சிக்குப் போக வேண்டிய பெட்டிகள் வாசல்வரை நிற்கின்றன. பக்கத்து வீட்டு மாராத்தாளக்கா எட்டிப் பார்த்தார்.

"ஏனம்மிணி, மெஷினெல்லாம் வந்துருச்சாட்ட இருக்குது! யாவாரம் அமோகமா?"

கலாமணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"எங்கீங்கக்கா... ஏதோ ஓடுதுங்க."

மாராத்தாளக்கா விடவில்லை. என் பக்கம் திரும்பினார். "நீங்களாச்சும் சொல்லுங்க தம்பி."

சட்டென்று ஒரு கை பொடியை அள்ளி வாயில் போட்டுக்கொண்டேன். எனக்கும் ட்ரெய்னிங் முடிந்துவிட்டது!